பொரி அடைத்த மூட்டை

ஆரியசாலை, திருவனந்தபுரம்
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் ஆர்ஷாவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அங்கே ஆக்லாந்தில் சுகமாக இருப்பீர்கள், இருக்க வேண்டும். இங்கே அம்மாவுக்கு முட்டுவலி தவிர வேறொன்றும் இல்லை, எனக்கும் உடம்பில் குறையில்லை, மற்றதை இனிமேல்தான் சொல்ல வேண்டும். கோலப்பன் லாரிப் பலகையிலிருந்து விழுந்துவிட்டான். இன்றைக்குப் பதினோரு நாள். இடுப்பெலும்பு முறிந்து மெடிக்கல் காலேஜில் கிடக்கிறான். அவன் விழுந்ததற்குக் காரணம் நான். போனில் இதைச் சொல்ல வாய் வரவில்லை, நீ கூப்பிடும்போதெல்லாம் அம்மா பக்கத்தில் இருக்கிறாள், பிரச்சாரம் எப்படிப் போகிறது என்று நீ சந்தோஷமாகக் கேட்கிறாய், நான் நன்றாகப் போகிறது என்று சொல்லிவிட்டுக் குழந்தையைக் காட்டச் சொல்கிறேன். அதனால்தான் தாளில் எழுதுகிறேன். கூரியரில் இது உன் கைக்கு வரும்போது வோட்டு எண்ணி முடிந்திருக்கும்.

கோலப்பனை உனக்குக் கடையில் பார்த்த பழக்கம் மட்டும்தான். நானும் அவனும் ஒரே வாரத்தில் சாலைக் கடைத்தெருவுக்கு வந்தவர்கள், நான் வள்ளியூரிலிருந்து, அவன் ஆரல்வாய்மொழியிலிருந்து. பதினோரு வருஷம் ஒரே லாரியில் சுமடு இறக்கினோம். பிறகு நான் கமிஷனுக்கு அரிசி வாங்கி விற்கத் தொடங்கிக் கடை போட்டேன், அவன் சுமட்டுத் தொழிலாளியாகவே இருந்துவிட்டான், என் கடைக்கு வரும் லோடைத்தான் இத்தனை காலமும் இறக்குகிறான். இந்தத் தடவை கார்ப்பரேஷன் தேர்தலுக்கு நம் வார்டில் தமிழ் வோட்டு வாங்கக்கூடிய ஆள் வேண்டும் என்று கட்சிக்காரர்கள் என்னிடம் வந்ததும், நான் சம்மதித்ததும் உனக்குத் தெரியும். சொத்து விவரம் எழுதிக் கொடுத்தபோது இரண்டு கடை, குடோன், கரமனை வீடு, உன் அம்மாவின் நகை, வண்டி எல்லாம் சேர்ந்து நாலேகால் கோடி வந்தது. அதே வாரம் அடித்த போஸ்டரில் ‘சுமடெடுத்தவன், நம்மளில் ஒருத்தன்’ என்று போட்டார்கள். எனக்கு அதில் ஒரு கூச்சமும் வரவில்லை, பதினோரு வருஷம் எடுத்தவன்தானே என்று நினைத்தேன். எதிர்க்கட்சி ஆள் இரண்டு லாட்ஜுக்கு முதலாளி, அவன் காக்கிச் சட்டை போட்டு ஆட்டோ ஓட்டுவதுபோல் வீடியோ போட்டான். அதைப் பார்த்து இவனுக்கு ஆட்டோவில் கிளட்ச் எந்தக் கையில் என்று தெரியுமா என்று கடையில் எல்லோருக்கும் கேட்கச் சிரித்தேன். அந்த வீடியோவைக் கண்டதும் கட்சியின் வீடியோ வேலை பார்க்கும் பிரஜின் என்ற மலையாளிப் பையன், நமக்கும் ஒன்று வேணும் அங்கிளே, நிங்கள் ஒரு சாக்கு அரிசி தலையில வச்சு நடந்தா மதி, அது போதும், ஜனம் கரையும் என்றான்.

என் கழுத்தில் இரண்டு எலும்பு தேய்ந்திருக்கிறது, தண்ணீர்க் குடம்கூடத் தூக்காதே என்று டாக்டர் சொல்லி நாலு வருஷம் ஆகிறது. இப்போது முடியாது தம்பி, அந்தக் காலத்தில் எடுத்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் காரியம் அங்கேயே முடிந்திருக்கும். சொல்ல வெட்கமாக இருந்தது. நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். குடோன் கதவைச் சாத்திக்கொண்டு, ஐம்பது கிலோ சாக்கு ஒன்றைப் பிரித்து, அரிசியைக் கொட்டிவிட்டு, நடுவில் பொரியை அமுக்கி, மூட்டைக்கு விறைப்பு வர வேண்டும் என்பதற்காக ஓரங்களில் மட்டும் அரிசி போட்டு, கோணி ஊசியால் மில்காரன் போடும் அதே தையலைப் போட்டேன். எட்டு கிலோ இருந்திருக்கும். முப்பத்தைந்து வருஷம் அரிசி வியாபாரம் செய்தவனுடைய கை அது, அட்டியில் அடுக்கிய மற்ற மூட்டைகளோடு வைத்தால் எனக்கே அடையாளம் தெரியாது.

சாயங்காலம் கடை முன்னால் பாதி இறக்கிய லாரி நின்றது, சுமட்டுக்காரர்கள் அன்றைய வேலையை முடித்துப் போயிருந்தார்கள். தலையில் துவர்த்துத் துண்டைச் சும்மாடு கட்டிக்கொண்டு அந்த மூட்டையோடு லாரிப் பலகையில் இறங்கி நாலு தடவை நடந்தேன். பிரஜின் முதல் தடவையே, அங்கிளே, முகத்தில கனம் தோணலியே என்றான். அப்போது ஒரு முகம் வைத்தேன், கீழுதட்டை உள்ளே மடித்துக் கடித்து, ஒரு கண்ணை மட்டும் சுருக்கி. சூப்பர் என்று கத்தினான். அந்த முகம்தான் இப்போது கிழக்கே கோட்டையிலிருந்து அட்டக்குளங்கரை வரை எல்லாச் சுவரிலும் ஒட்டியிருக்கிறது. அது என்னுடைய முகம் இல்லை மகளே. பாரம் ஏறும்போது கோலப்பன் வைக்கிற முகம் அது. சுமடு எடுத்த காலத்தில் எனக்கு என்ன முகம் இருந்தது என்று எனக்கே ஞாபகம் இல்லை. ஐந்தாவது தடவைக்காக மூட்டையை மறுபடி லாரியில் வைத்தோம், அதற்குள் வெயில் போய்விட்டது, இது மதி அங்கிளே என்றான், வலியசாலையில் ஒரு வீட்டுக் கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது என்று நாலு பேர் என்னை வண்டியில் ஏற்றினார்கள், நான் போய்விட்டேன். பொரி மூட்டை லாரியிலேயே கிடந்தது.

லோடு இறக்குவதில் ஒரு வழக்கம் உண்டு, உனக்குத் தெரிந்திருக்காது. ஒரு லாரியில் வரும் எல்லா மூட்டையும் ஒரே கனம் என்பதால் முதல் மூட்டைக்குக் கழுத்தை எப்படி வைக்கிறோமோ அதே வைப்புதான் கடைசி மூட்டை வரைக்கும். நடுவில் யாரும் யோசிப்பதில்லை. மேலே நிற்பவன் தள்ளுவான், பலகையில் நிற்பவன் தலையைக் கொடுத்து எழும்புவான், இரண்டு பலமும் நடுவில் சந்திக்கும். மறுநாள் காலையில் ஏழெட்டு மூட்டை இறங்கியிருந்தது. மேலே நின்றவன் செல்வமணி, இளவயசுக்காரன், போன வருஷம்தான் கல்யாணம் ஆனவன். அவன் வழக்கமான பலத்தில் தள்ளினான், மூட்டை தலைக்கு வராமல் தாண்டிப் பறந்துவிட்டது, ஐம்பது கிலோவுக்கு எழும்பிய கோலப்பன் தலைக்கு மேல் ஒன்றும் இல்லாமல் முன்னால் போய் ஓடைக் கல்லில் விழுந்தான். நான் கல்லாவில் இருந்தேன், பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மூட்டை விழுந்த சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. எல்லோரும் ஓடிப்போய்க் கோலப்பனைத் தூக்கினார்கள். நான் மூட்டையைத் தூக்கினேன். ஒரு கையால் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் குடோனில் போட்டுவிட்டு, நல்ல மூட்டை ஒன்றை உருட்டி வந்து அது கிடந்த இடத்தில் வைத்தேன். அதன் பிறகுதான் அவன் பக்கத்தில் போனேன். அவன் என்னைப் பார்த்தான்.

செல்வமணி அப்போதே மூட்டைக்குக் கனமே இல்லை, சத்தியமா கனம் இல்லை என்று எல்லோரிடமும் சொன்னான். தொழிலாளர் சங்கத்துக்காரர்கள் லோடு முழுவதையும் எடைபோட்டார்கள், எல்லாம் ஐம்பது. மூத்த ஆளைத் தள்ளி விழவைத்துவிட்டு வாய்க்கு வந்தபடி புளுகுகிறான் என்று அவனை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மறுநாள் அவன் கடைக்கு வந்து, மொதலாளி நீங்க அங்கத்தானே இருந்தீங்க, நீங்க கண்டதைச் சொல்லுங்கோ என்றான். நான் அந்த நேரம் போனில் இருந்தேன் தம்பி என்றேன். பிரஜினிடம் மட்டும் உள்ளதைச் சொன்னேன். இப்போ மிண்டாதீங்க அங்கிளே, வாயே திறக்க வேண்டாம், வோட்டு கழிஞ்சு பறயலாம் என்றான். முதல் நாள் ஆஸ்பத்திரியில் கோலப்பனுக்கு நான் ஆரஞ்சு கொடுப்பதையும் அவன்தான் படம் எடுத்துப் போட்டான்.

அன்றிலிருந்து எனக்கு என்ன நடக்கிறது என்று சொன்னால் நீ பயப்படாதே. கூட்டத்தில் மாலை போட யாராவது கையைத் தூக்கினால் என் கழுத்து தானாக விறைத்துக்கொள்கிறது, ஐம்பது கிலோவுக்குத் தயாராகிவிடுகிறது, மாலை வந்து விழுந்ததும் உடம்பு முன்னால் சாய்கிறது. இரண்டு தடவை மேடையில் பக்கத்தில் நின்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள், வயசாயில்லே என்று சிரித்தார்கள். பொரி மூட்டை இன்னும் குடோனில்தான் இருக்கிறது, வெளியே எடுத்தால் யாராவது கேட்பார்கள். எலி போகும்போது உள்ளே சரசரவென்று கேட்கிறது. கடையில் வேலைக்கு நிற்கிற பெண்ணுக்கு அது கேட்பதில்லை, எனக்குக் கல்லாவில் இருந்தாலும் கேட்கிறது. சுமட்டுக்காரர்கள் இப்போது ஒவ்வொரு மூட்டையையும் கையால் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் தலையைக் கொடுக்கிறார்கள். ஏன் என்று நான் கேட்கவில்லை. காலை முழுவதும் அந்தத் தட்டுகிற சத்தம்தான். சாலைத் தெருவில் இத்தனை வருஷத்தில் நான் கேட்டிராத சத்தம்.

நீ அந்த வீடியோவை ஃபேஸ்புக்கில் போட்டு, என் அப்பா சுமடு எடுத்து எங்களை வளர்த்தவர் என்று எழுதியிருந்ததைப் பார்த்தேன். உன்னோடு வேலை செய்யும் வெள்ளைக்காரப் பெண்கள் எல்லாம் கும்பிடுகிற கை போட்டிருந்தார்கள். நீ பிறந்தபோது நான் கடை வைத்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது. உன்னைச் சுமடு எடுத்து வளர்க்கவில்லை, சுமடு எடுக்கிறவனுக்குக் கூலி பேசி வளர்த்தேன். நானும் ஒருநாளும் அதைத் திருத்தவில்லை, கேட்கச் சுகமாக இருந்தது. அந்தப் பதிவை எடுத்துவிடு. வீட்டு லோனுக்கு வட்டி ஏறும் போலிருக்கிறது என்றாயே, ஒரே பாங்கை நம்பாமல் வேறு இரண்டு இடத்தில் கேட்டுப் பார். தேங்காயெண்ணெய் அங்கே கிடைப்பதையே வாங்கிக்கொள், இங்கேயும் விலை தொட முடியவில்லை. மாங்காய் ஊறுகாய் அம்மா தனியாக அனுப்புவாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டிலுக்கு நேரே ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே மதிலில் என் போஸ்டர். என்னைக் கண்டதும் அதைக் கையால் காட்டி, எனக்க மூஞ்சிய எடுத்துக்கிட்டுப் போயிட்டியேலே மக்கா, வாடகை உண்டா என்றான் கோலப்பன். நான் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். எல்லாம் தெரியும், கழுத்துக்குத் தெரியாதா, பொரியா உமியா என்பதுதான் தெரியாம இருந்தது என்றான். செல்வமணி பேரில் பழி வரக்கூடாது என்பதற்காக எனக்குக் காலுதான் வழுக்கிச்சு என்று சங்கத்தில் சொல்லிப் பார்த்திருக்கிறான், அந்தப் பையனைக் காப்பாற்றத்தான் இவன் இப்படிப் பேசுகிறான் என்று அவர்கள் கேட்கவில்லை. அப்புறம் என் முகத்தைப் பார்த்து, நீ சுமடு எடுத்தது நேருதானலே, இல்லன்னு எவன் சொன்னான், பின்ன என்னத்துக்குக் கள்ள மூட்டை என்று கேட்டான். கழுத்து முடியவில்லை என்றேன். முடியலன்னு ரோட்டுல நின்னு சொல்லியிருந்தா நானே நாலு பேரக் கூட்டிட்டு வந்து வோட்டு போட்டிருப்பேனேலே என்றான். எழுந்து நடக்க ஆறு மாதம் ஆகும், இனி லோடு எடுக்க முடியாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

அவன் மனைவி செல்லபாய் கட்டிலுக்கு அந்தப் பக்கம் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள். நான் கொண்டுபோன பையைப் பார்த்து, ஆரஞ்சா அண்ணாச்சி, அத அங்க வையுங்க, இண்ணைக்குக் கேமரா வரலியா என்றாள். என்ன வேண்டுமோ சொல் தாயி, வோட்டு முடிந்த மறுநாள் எல்லாவற்றையும் நானே சங்கத்தில் சொல்லிவிடுகிறேன் என்றேன். வோட்டுக்கு முன்ன ஒரு வெல, பின்ன ஒரு வெலயா, கடையிலயும் இப்படித்தான் விக்கியளா என்றாள். அப்படியும் பேசிப் பார்த்தேன், வியாபாரி புத்தி விடவில்லை, ரூபாயைக் கூட்டிக் கொடுத்து நாளைத் தள்ளலாமா என்று கேட்டேன். ரூவா கூட்ட வேண்டாம், நாளும் தள்ள வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவனுக்குக் கஞ்சி கொடுக்கத் தொடங்கினாள். அவள் ஊட்டி முடிக்கும்வரை நின்றேன். பிறகு சரி, வோட்டுக்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறேன் என்றேன். அம்மாவிடம் நேற்றுச் சொல்லிவிட்டேன், அவள் போய்ப் பூஜை அறையில் கடவுள் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்த என் தேர்தல் நோட்டீஸை எடுத்து அலமாரியில் வைத்தாள். பிரஜினிடம் சொல்லவில்லை.

நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும், குழந்தைக்கு என் முத்தம். உன் அப்பாவைப் பற்றி இனி யாரிடமாவது சொல்வதானால் அரிசி வியாபாரி என்று சொல், அது உண்மை. செல்லபாயோடு முடிவானதை உனக்கும் எழுதி வைக்கிறேன், நாளைக்கு நான் மறந்தால் நீ கேட்க வேண்டும். ஆஸ்பத்திரிச் செலவு முழுவதும் என்னுடையது. கோலப்பன் எழுந்து நடக்கும்வரை நாளொன்றுக்கு ஆயிரத்து இருநூறு, அதற்குப் பிறகு அவன் காலம் முழுக்க அதில் பாதி, லோடு வந்தாலும் வராவிட்டாலும். செல்வமணி வேலையில்லாமல் நின்ற நாட்களுக்கு முழுக் கூலி. வோட்டுக்காகவோ விளையாட்டுக்காகவோ நான் இனித் தலையில் துவர்த்து கட்டக்கூடாது. வருகிற வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு, லாரி வந்து நின்றதும், முதல் மூட்டை இறங்குவதற்கு முன்னால், எல்லாச் சுமட்டுக்காரர்களும் நிற்க, செல்வமணியைப் பக்கத்தில் நிறுத்தி, நடந்ததை என் வாயால் சொல்ல வேண்டும், மைக் கிடையாது, கேமரா கிடையாது.

உன் அப்பா,
ஆறுமுகசாமி