மூடிய பெட்டியின் மேல் அரிசி

இன்று காலை உலைக்கு அரிசி களையும்போது கை நின்றுவிட்டது. நேற்று பிரிக்பீல்ட்ஸில் ஒரு சிறிய அரங்கில் பார்த்த படம்தான் காரணம். ஆண்களை நேசித்த ஒரு மகன் எய்ட்ஸில் சாகிறான். குடும்பம் அவனைக் கட்டிக்கொண்டு அழுகிறது. கடைசிக் காட்சியில் அப்பா, அண்ணன், சித்தி எல்லாரும் வரிசையாக வந்து வாய்க்கரிசி போடுகிறார்கள். உதட்டுக்கு அருகில் கேமரா, பின்னால் மெல்லிய வீணை. எனக்குக் காது சூடாகிவிட்டது.

பழைய படங்களில் நம்மைக் கேலி செய்தார்கள், அவ்வளவுதான். கிள்ளான் தியேட்டர் உனக்கு நினைவிருக்கும். இடுப்பை ஆட்டிக்கொண்டு ஒருவன் வந்தாலே அரங்கம் குலுங்கும். நீ எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தாய். திரும்பும்போது பேருந்தில் சொன்னாய்: "நம்மளப் பாத்து நாமளே சிரிக்கறதுக்கு டிக்கெட் வேற எடுக்கணும் லா." யாருக்காவது கேட்டிருக்குமோ என்று நான் திரும்பிப் பார்த்தேன். நீ அதற்கும் சிரித்தாய்.

அந்தக் கேலியைக்கூட மன்னித்துவிடலாம் போலிருக்கிறது. இந்தக் கண்ணீரை மன்னிக்க முடியவில்லை.

நீ செத்த அன்று கிள்ளானில் உன் வீட்டில் நடந்ததை யாரும் படமெடுக்கவில்லை. காச நோய் என்று சொல்லிவைத்திருந்தார்கள். பெட்டியைத் திறக்க உன் அண்ணன் விடவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு தடவைகூட உன் பக்கத்தில் உட்காராத மனிதர், வாசலில் நின்று வரிசை பிரித்தார். "சொந்தக்காரங்க மொதல்ல. வெளியாளுங்க கடைசில வாங்க." என்னைக் காட்டி யாரோ கேட்டதற்கு, "ரூம்மேட்டு" என்றார். ஒரே கூரையின் கீழ் நாம் வாழ்ந்த அத்தனை வருடங்களுக்கும் அந்த ஒரு சொல்.

சொந்தக்காரர்கள் எட்ட நின்று அரிசியை வீசினார்கள். வழவழப்பான மூடியில் அது நிற்காமல் சரிந்து தரையில் கொட்டியது. என் முறை வந்தபோது, உன் வாய் எங்கே இருக்கும் என்று தலைமாட்டிலிருந்து சாண் வைத்து அளந்தேன். எனக்கு எதையும் அளக்காமல் செய்ய வராது என்று உனக்குத் தெரியும். அங்கே அரிசியை வைத்து, சரியாமல் உள்ளங்கையால் மூடிக்கொண்டேன். "போதும் பாஸ், தள்ளுங்க" என்று ஒருவர் தோளைப் பிடித்து நகர்த்தும்வரை கையை எடுக்கவில்லை.

நேற்றுப் படம் முடிந்ததும் பக்கத்து இருக்கை அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எவ்ளோ நல்ல குடும்பம், இல்ல அங்கிள்?" என்றார். இயக்குநர் இளைஞர். கேள்விகள் கேட்கலாம் என்றார். நான் கையைத் தூக்கினேன், இறக்கினேன், மறுபடி தூக்கினேன்.

"தம்பி, செத்தவரோட வாழ்ந்தவர் எங்க? கடைசி வரைக்கும் கஞ்சி ஊட்டினவர்?"

"அப்படி ஒருத்தர வைக்கல, அங்கிள். இது குடும்பத்தோட கதை."

"குடும்பத்துலேருந்துதான் கேக்கறேன்."

இதைச் சொல்ல அதுதான் இடமா என்று எனக்கு இன்னும் சந்தேகம். ஆனால் இந்த முறை யாருக்குக் கேட்டது என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

உன் கிண்டல் எனக்கு வராது. கோபம் மட்டும் தங்கிவிட்டது. வயதானால் குறையும் என்றார்கள், குறையவில்லை. ஈர அரிசி உள்ளங்கையில் ஒட்டியிருக்கிறது. உலை கொதித்துக்கொண்டிருக்கிறது. நான் இன்னும் கையை விரிக்கவில்லை.