துரைக்குப் போட்ட கையெழுத்து

மார்ச் 4, செவ்வாய்

துரை இன்று வீட்டுக்காரி வேலைக்கு எடுத்துப்போகும் பையின் மேல் காலைத் தூக்கிவிட்டான். பைக்குள் மருந்துக்கடைச் சாவி, சாப்பாட்டு டப்பா, மூக்குக்கண்ணாடி எல்லாம் இருந்தன. அவள் நாயைத் திட்டவில்லை. பையைக் குழாயடியில் கவிழ்த்து அலசிக்கொண்டே, இதுக்குக் கருத்தடை ஆபரேஷன் பண்ணிவிடலாம், மூன்றாவது தடவையாகச் சொல்கிறேன் என்றாள். ரெண்டு வயசு முடியப்போகிறதாம், இதுதான் சரியான நேரமாம். மருந்துக்கடையில் பில் போடுகிறவள் அல்லவா, வீட்டுக்குள் பாதி டாக்டர்.

முடியாது என்றேன். காரணம் கேட்டாள். ஆம்பளை ஆம்பளையாக இருந்துவிட்டுப் போகட்டும், இதுக்கு மேல் என்ன காரணம் வேண்டும்?

என் தையல்கடையில் இதைச் சொல்லியிருக்கக் கூடாது. செக்யூரிட்டி கம்பெனிக்கு முந்நூறு பேன்ட், மேசை முழுக்க நீலத்துணி. பட்டன் காஜா எடுக்கும் அக்கா ஊசியை நிறுத்தாமலே, "அதுக்கு எதுக்கு டாக்டர்? கட்டிங் மாஸ்டர் வீட்லயே இருக்காரே" என்றார். மெஷினில் இருந்த அத்தனை பேரும் சிரித்து உருண்டார்கள். நானும் சிரித்தேன். சிரித்த சிரிப்பில் ஒரு பேன்ட்டுக்குத் தொடை அளவில் கால் அங்குலம் போய்விட்டது. இருபத்தாறு வருடத்தில் எனக்குக் கை தவறியது எண்ணி நாலே தடவை.

மார்ச் 6, வியாழன்

இன்றைக்கு சோபா.

மார்ச் 9, ஞாயிறு

தொல்லை தாங்காமல் நாய் டாக்டரிடம் போனோம். சின்னப் பெண். எனக்கு மகள் இருந்திருந்தால் இந்த வயசு இருப்பாள். துரையின் வாயைத் திறந்து பார்த்தாள், வயிற்றை அமுக்கினாள், வாலைத் தூக்கினாள். துரை அவள் கையை நக்கினான், வெட்கங்கெட்டவன்.

இருபத்தஞ்சு நிமிட வேலை என்றாள். தெருவில் ஓடுவது குறையும், சண்டை குறையும், பின்னால் வரக்கூடிய நோய் சிலது வராது. அதுக்கு ஒன்றும் தெரியாது, நமக்குத்தான் கஷ்டமாக இருக்கும் என்றாள். நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "அதுக்கப்புறம் அவன் ஆம்பளையா இருப்பானா?"

"நாயா இருக்கும் சார்," என்றாள்.

வீட்டுக்காரி சுவரில் ஒட்டியிருந்த பூனைப் படத்தைப் பார்த்தபடி நின்றாள். உதடு மட்டும் லேசாக அசைந்தது. சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன்.

உரிமையாளர் சம்மதம் என்று ஒரு படிவம் கொடுத்திருக்கிறார்கள். நாய் என் பெயரில்தான் பதிவு. ஆகவே கையெழுத்தும் என்னுடையதுதான் வேண்டும். மடித்து அலமாரிக்குள் போட்டேன். கிடக்கட்டும்.

மார்ச் 14, வெள்ளி

புதன்கிழமை பால்காரருக்குக் கதவு திறந்தபோது ஓடியவன் இன்று மத்தியானம்தான் வந்தான். இடது காது கிழிந்து தொங்குகிறது, உடம்பெல்லாம் சேறு, நாக்கு ஒரு முழம் வெளியே. ஆனால் வந்த வருகை இருக்கிறதே! ஏதோ ராஜ்யத்தைப் பிடித்துவிட்டுத் திரும்பியவன் மாதிரி நிமிர்ந்த நடை. பெருமையாக இருந்தது எனக்கு. ஏன் பொய் எழுத வேண்டும், பெருமையாகத்தான் இருந்தது.

அவள் தரையில் உட்கார்ந்து அவன் காதைக் கழுவினாள். இரண்டு நாளும் தெருத்தெருவாக அலைந்து தேடியவள் அவள்தான். கையில் பஞ்சைச் சுருட்டியபடி மறுபடியும் அந்தப் படிவத்தைப் பற்றிக் கேட்டாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு உயிரின் வாரிசை அறுக்க நாம் யார், பாவம் இல்லையா, வாயில்லா ஜீவன் என்பதற்காக என்ன வேண்டுமானாலும் செய்யலாமா என்று கத்தினேன்.

பஞ்சு பாதியில் நின்றது. "பாவம்னு உங்களுக்குச் சொல்ல வருமா?" என்று கேட்டாள். சண்டைக்குக் கேட்கிற மாதிரி இல்லை, தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரி.

புரியாதது போல் பேப்பரை எடுத்துக்கொண்டேன். புரிந்தது. அதை இங்கே எழுதப்போவதில்லை.

ஏப்ரல் 19, சனி

கீழ்வீட்டு டீச்சரின் நாய் சினையாக இருக்கிறது. டீச்சர் படிக்கட்டில் என்னை நிறுத்தி, உங்க வீட்டுத் தடியன்தான், என் கண்ணால பார்த்தேன் என்றார். அவருக்கு அழுகையே வந்துவிட்டது. வயசான நாயாம், தாங்குமா என்று தெரியவில்லையாம். முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டு கேட்டேன். மாடிக்கு வந்ததும் துரையின் தலையைப் பிடித்து ஆட்டினேன். "படவா, சாதிச்சிட்டியே!"

கடையில் எல்லோருக்கும் கேக் வாங்கிக் கொடுத்தேன். தாத்தா ஆகப்போகிறேன் என்றேன். அக்கா கேக்கைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு, "பரவாயில்ல மாஸ்டர், உங்க பேரைச் சொல்ல அதாவது இருக்கே" என்றார். மனதில் எதையும் வைத்துச் சொல்லவில்லை. இருந்தாலும் அதற்குப் பிறகு எனக்குக் கேக் இறங்கவில்லை.

வீட்டில் சொன்னபோது அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். உங்களுக்கு இவ்வளவு சந்தோஷம் வரும்னு எனக்குத் தெரியாது என்றாள்.

மே 15, வியாழன்

ஐந்து குட்டிகள். இரண்டுக்குத் துரையின் நெஞ்சு வெள்ளை அப்படியே. போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். கண்கூடத் திறக்கவில்லை, அதற்குள் என்ன பிடிவாதம், முண்டி முண்டிப் பால் குடிக்கின்றன!

மே 20, செவ்வாய்

இரண்டு செத்துப்போயின. தாய்க்குக் காய்ச்சல். டீச்சர் என்னைப் பார்த்ததும் கதவைச் சாத்திக்கொண்டார். நானா போய்க் கடித்தேன்?

மே 25, ஞாயிறு

எழுத்து கோணிக்கொண்டு போகிறது. போகட்டும்.

டீச்சர் காலையில் மேலே வந்தார். மிச்சம் மூன்று குட்டிகளைக் கேட்பார் யாருமில்லை, தாய் இன்னும் எழுந்திருக்கவில்லை, இன்னொரு தடவை இப்படி நடக்கக் கூடாது, தயவுசெய்து உங்கள் நாய்க்கு ஆபரேஷன் செய்யுங்கள் என்றார். மரியாதையாகத்தான் கேட்டார். வீட்டுக்காரி டீ கொண்டு வந்தாள். சரி பார்க்கலாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். என் வாய் சும்மா இருக்குமா?

"என்ன பண்றது டீச்சர், எங்க வீட்டு ஆம்பளைங்க அப்படி. சும்மா தாண்டிப் போனாலே பிள்ளைதான்."

சொல்லிவிட்டு நானே சிரித்தேன். அவள் தட்டை மேசைமேல் வைத்தாள். சத்தம் வராமல் வைத்தாள்.

"இந்த வீட்ல ஆம்பளைன்னா அது ஒண்ணுதான் டீச்சர். இவருக்கு விந்தணு எண்ணிக்கை பூஜ்யம். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னாடி எடுத்த டெஸ்ட். நான்தான் போய் ரிப்போர்ட் வாங்கினேன், நான்தான் படிச்சேன். இவங்க அம்மாகிட்ட, குறை எனக்குன்னு நான்தான் சொன்னேன்."

பில்லை வாசித்துக் காட்டுகிற குரல். கூட்டவில்லை, குறைக்கவில்லை. முடித்துவிட்டு, சர்க்கரை போதுமா டீச்சர் என்று கேட்டாள்.

டீச்சர் டீயைக் குடிக்கவுமில்லை, எழுந்திருக்கவுமில்லை. என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பதில் அவர் என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம்.

சொல்லிட்டா. யாரோ ஒரு டீச்சர் முன்னாடி போட்டு உடைச்சிட்டா. பத்தொன்பது வருஷம் வாயைக் கட்டி வச்சிருந்தவ, போயும் போயும் ஒரு நாய் விஷயத்துல — நான் கேட்டேனா அவளை? பழியை நீ எடுத்துக்கோன்னு நான் கேட்டேனா? கேக்கலை. வேண்டாம்னும் சொல்லலை. அன்னைக்கு எங்கம்மாகிட்ட அவ அப்படிச் சொன்னப்ப எனக்கு மூச்சு வந்தது. அதுதான் உண்மை. அம்மா அவளை மலடின்னு கூப்பிட்டப்பல்லாம் நான் ஏதோ பேன்ட் வெட்டிக்கிட்டிருந்தேன். அம்மா அதுக்கப்புறம் பதினோரு வருஷம் இருந்தா. பதினோரு வருஷமும் எனக்கு வெட்ட ஏதோ ஒரு பேன்ட் இருந்தது. தங்கச்சி குழந்தையைத் தூக்கப் போன இவ கையை அம்மா தட்டிவிட்டா. பார்த்தேன். பார்த்துட்டு, குடிக்கத் தண்ணி கொண்டான்னு இவகிட்டயே சொன்னேன்.

துரை மேசைக்கடியில் படுத்திருந்தான். என்ன நினைத்தானோ, வாலைத் தரையில் தட்டினான். குனிந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெகுநேரம் பார்த்தேன்.

மே 26, திங்கள்

கடைக்கு லீவு சொன்னேன். அவள் வேலைக்குக் கிளம்பிய பத்தாவது நிமிடம் துரைக்குச் சங்கிலி போட்டேன்.

நடந்தேதான் போனோம். வழியெல்லாம் துள்ளிக்கொண்டு வந்தான். டாக்டர் பெண்ணுக்கு ஆச்சரியம். வெறும் வயிறாக இருக்கிறதா என்று கேட்டாள். நேற்று எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் சோறு போடவில்லை. ஆமாம் என்றேன். படிவத்தில் காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. குடும்ப நலம் என்று எழுதினேன். பெண் வாசித்துப் பார்த்துவிட்டு, சார் ரொம்பத் தமாஷ் என்றாள். நல்ல முடிவு எடுத்திருக்கீங்க சார் என்றும் சொன்னாள்.

ஊசி போட அவனைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றார்கள். நான் பிடித்துக்கொண்டேன். என் முழங்கையில் மூக்கை நுழைத்துக்கொண்டான். என்னைத்தான் நம்பிப் படுத்தான். கண் சொருகும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் காதுப்பக்கம் குனிந்து, "யாரு ஆம்பளைன்னு இப்ப சொல்லட்டும் அவ" என்றேன். அதைச் சொன்ன வாய் என்னுடையதுதான். இங்கே வேறு யாருக்குத் தெரியப்போகிறது, எழுதி வைக்கிறேன். அவனுடைய உடம்புக்காகக் கையெழுத்துப் போடவில்லை. தெருநாய்களுக்காகவும் இல்லை. ஒரு துணியை வெட்டும் முன் இரண்டு தடவை அளக்கிறவன் நான். இதற்கு ஒரு தடவைகூட அளக்கவில்லை.

மே 27, செவ்வாய்

நேற்று மாலை அவள் வந்து கதவைத் திறந்தபோது துரை கழுத்தில் பிளாஸ்டிக் கூம்போடு சுவரில் முட்டிக்கொண்டு நின்றது. மயக்கம் முழுசாகத் தெளியவில்லை. அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மூணு மாசமா நீதானே கேட்டே, முடிச்சாச்சு, சந்தோஷமா என்றேன்.

அவள் கூம்புக்குள் கையை விட்டு அதன் முகத்தைத் தடவினாள். "நான் அவனோட நல்லதுக்குக் கேட்டேன். நீங்க என்னை அடிக்க முடியாம அவனை அடிச்சிருக்கீங்க," என்றாள்.

டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்துச் சீட்டை அவளிடம் நீட்டினேன்.

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தேன். நேற்றுவரை அவன் அவன் என்று எழுதியிருக்கிறேன். இன்றைக்கு என்னையறியாமல் அது என்று எழுதியிருக்கிறேன். இத்தனை நாளும் அது என்று சொல்லிக்கொண்டிருந்தவள் அவன் என்கிறாள். அடித்துத் திருத்தலாம் என்று பேனாவை எடுத்தேன். திருத்தவில்லை.

ஜூன் 1, ஞாயிறு

அவள் தன் அக்கா வீட்டுக்குப் போனாள். நாலு நாளில் வந்துவிடுவாள்.

ஜூன் 6, வெள்ளி

தையல் பிரித்தார்கள். நேர்த்தியாக ஆறியிருக்கிறது. அந்தப் பெண்ணுக்குக் கை சுத்தம், தொழில்காரன் என்ற முறையில் ஒத்துக்கொள்கிறேன். எப்படி இருக்கிறது என்று கேட்டாள். சோபாவில் காலைத் தூக்குவதில்லை, தெருவில் நாய் குரைத்தால் தலையைக்கூடத் திருப்புவதில்லை, நான் எந்த அறைக்குப் போனாலும் பின்னாலேயே வருகிறது என்றேன். மேடம் வரலையா என்றாள். ஊருக்குப் போயிருக்கிறாள் என்றேன்.

டீச்சர் யாரிடமும் எதையும் சொன்னதாகத் தெரியவில்லை. முன்பெல்லாம் படிக்கட்டில் முறைப்பார். இப்போது ஒதுங்கி நின்று வழி விடுகிறார். சாப்பிட்டீங்களா சார் என்று வேறு கேட்கிறார். அதற்கு முறைத்தே இருக்கலாம்.

ஜூன் 13, வெள்ளி

மருந்துக்கடை வழியாகப் போனேன். கண்ணாடிக்குள் பில் போட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே போகவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

பதினோரு மணிக்கு வந்தாள். மிச்சத் துணிகளை எடுத்துக்கொள்ள. துரையையும் அழைத்துப்போவதாகச் சொன்னாள். அக்கா வீட்டுப் பின்பக்கம் இடம் இருக்கிறதாம், கேட்டுவிட்டாளாம். அழைத்துப்போ என்றேன். மனதார. அதன் முகத்தைத் தினமும் என்னால் பார்க்க முடியவில்லை.

அவள் குரல் கேட்டதும் ஓடிப் போய் மேலே விழுந்தது, முகமெல்லாம் நக்கியது. சங்கிலி மாட்டக் கழுத்தைக் காட்டியது. வாசல்வரை போனது. அங்கே உட்கார்ந்துவிட்டது. அவள் இழுத்தாள், அது என்னைத் திரும்பிப் பார்த்தது. பிஸ்கட் காட்டினாள். வாங்கித் தின்றுவிட்டு, சங்கிலியை இழுத்துக்கொண்டே வந்து என் கால்மேல் தலையை வைத்துப் படுத்துக்கொண்டது.

"போடா," என்றேன். காலாலேயே தள்ளினேன். கொஞ்சம் பலமாகத்தான் தள்ளினேன். எழுந்து, ஒரு சுற்றுச் சுற்றி, அதே இடத்தில் வந்து படுத்தது.

அவள் வாசலில் நின்றபடி எல்லாவற்றையும் பார்த்தாள். நான், யார் செய்தது என்று அதற்கு எங்கே தெரியும் என்றேன். ஏதாவது பேச வேண்டுமே என்று சொன்னது.

"தெரிஞ்சாலும் உக்காந்திருப்பான்," என்றாள். "நானும் பத்தொன்பது வருஷம் உக்காந்திருந்தேனே."

பிறகு குனிந்து அதன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி நாற்காலியில் வைத்தாள். இனிமேல் உடம்பு போடும், சாப்பாட்டைக் குறையுங்கள், ஒரு நாளைக்கு இரண்டு வேளை போதும் என்று சொன்னாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். கூட வரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். கீழே டீச்சர் கதவைத் திறந்து அவளை உள்ளே கூப்பிட்டுக்கொள்ளும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்துத் தெருக்கதவு சாத்துகிற சத்தமும் கேட்டது.

எழுந்து ஜன்னல் பக்கம் போயிருக்கலாம். அதற்குள் கால்மேல் குறட்டை ஆரம்பித்துவிட்டது. அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.