சோளக்காட்டில் வந்த தண்ணீர்

ஆடி, செவ்வாய் இரவு.

அரியவகைக் கனிமம் எவ்வளவு கிடக்கிறது என்று பார்க்க, வையம்பட்டிப் பக்கம் ஒரு சோளக்காட்டில் இன்று துளை போட்டோம். காட்டுக்காரி அஞ்சலையம்மா, தண்ணீருக்குப் போர் போடுகிறோம் என்றே நம்பி, துளை போடும் வண்டிக்குச் சூடம் காட்டித் தேங்காய் உடைத்தார்.

"இது கனிமம் பாக்கறதும்மா" என்றேன்.

"எதைப் பாத்தா என்ன சார், தண்ணி வந்தா சரி."

மதியம் தண்ணீர் பீறிட்டுவிட்டது. கலங்கலை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டு சிரித்தார். ஆனால் சோதனைத் துளையை சிமெண்ட் ஊற்றி அடைத்துவிட வேண்டும் என்பது விதி. இதை மட்டும் மூடாமல் விட்டுவிடலாமா என்று மேலதிகாரியிடம் போனில் கெஞ்சினேன். "மூடிட்டு வாங்க" என்றார்.

மூடினோம். அஞ்சலையம்மா தேங்காய் மூடி ஒன்றை என் பையில் வைத்தார்.

கனிமம் இருந்தால் அவர் காடே சுரங்கத்துக்குப் போய்விடும். இல்லாவிட்டாலும் அந்தத் துளை திறக்காது.

தேங்காய் மூடி அடுப்படியில் இருக்கிறது. காலையில் சட்னிக்கு எடுத்துக்கொள்ளவா என்று மனைவி கேட்டாள்.