என் தாயாரின் சிலையைப் பின்வாசலிலிருந்து அகற்றக் கோரி

அனுப்புநர்:
பொத்தான் பிரிவுத் தொழிலாளி,
(காலமான தொழிற்சங்கத் தலைவியின் மகள்)
ஆயத்த ஆடை ஆலை.

பெறுநர்:
உயர்திரு தொழிற்சாலை ஆய்வாளர் அவர்கள்,
தொழிற்சாலை ஆய்வு அலுவலகம்.

பொருள்: தையல் கூடத்தின் அவசர வழியை மறித்து வைக்கப்பட்டுள்ள சிலையை அகற்றி, கதவின் பூட்டை நீக்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் தையல் கூடத்தில் வேலை செய்வோர் அனைவரும் பெண்கள். கூடத்துக்கு இரண்டு வாசல்கள். முன்வாசல் அலுவலகத்தை ஒட்டியது. பின்வாசல் ஆலைக்குப் பின்னாலுள்ள சந்தில் திறக்கும். துணி திருட்டுப் போகிறது என்று சொல்லி, முன்பெல்லாம் பின்கதவைப் பூட்டியே வைத்திருந்தார்கள்.

2. அந்தப் பூட்டை எடுக்க வைத்தவர், துணி வெட்டும் பிரிவில் வேலை செய்த என் தாயார். அவரை எல்லோரும் விசிலக்கா என்பார்கள். இரண்டு விரல்களை வாயில் வைத்து அவர் ஊதினால் இயந்திரங்களின் இரைச்சலையும் மீறிக் கேட்கும், கூடமே நின்றுவிடும். ஒருநாள் அந்தக் கதவின் முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். "பூட்டு போனாத்தான் மிஷின் ஓடும்" என்றார். மறுநாள் பூட்டு போனது. அதன் பிறகு அவ்வப்போது விசில் அடித்து, எங்களைப் பின்வாசல் வழியாக ஓடவிட்டுப் பழக்கினார். ஓடும்போது செருப்பைத் தேடியவர்களுக்குச் சரியான திட்டு விழும்.

பிள்ளைகளை விட்டுச்செல்ல ஓர் அறை, தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை, மேற்பார்வையாளர் கை நீட்டினால் தட்டிக் கேட்க ஒரு குழு. இவை எல்லாம் அவர் சண்டையிட்டு வாங்கித் தந்தவை. அதற்காக இருமுறை வேலையை இழந்தார். பல வருடத் துணித்தூசி நுரையீரலில் இறங்கி, சென்ற ஆண்டு காலமானார். கடைசி மாதங்களில் அவரால் விசில் அடிக்க முடியவில்லை. மூச்சு விடவே பாடுபட்டார்.

3. அவர் மறைந்த சில வாரங்களில், நிர்வாகம் அவருக்கு மார்பளவுச் சிலை வைத்தது. உயிரோடு இருந்தவரை "அந்தப் பொம்பளை" என்றே அவரைக் குறிப்பிட்டுவந்த மேலாளர், திறப்பு விழாவில் "எனக்குக் கூடப்பிறந்த அக்கா மாதிரி" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். திரையை விலக்க என் தந்தையை அழைத்திருந்தார்கள். அவர் குழந்தையைப் போல அழுதார். அந்த அழுகையில், சிலை நிற்கும் இடத்தை யாரும் கவனிக்கவில்லை. கற்பீடம் பின்கதவை அடைத்து நின்றது. சிலைக்குப் பாதுகாப்பு என்று மறுவாரமே கதவுக்குப் பூட்டும் வந்தது.

4. சென்ற மாதம் ஒரு பிற்பகலில், இஸ்திரி மேசைக்கு அடியில் மின்கம்பி எரிந்து கூடம் முழுக்கப் புகை சூழ்ந்தது. பழகிய கால்கள் பின்வாசலுக்குத்தான் ஓடின. பீடத்துக்கும் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் பக்கவாட்டில் நுழையும் இடம்கூட இல்லை. பின்னால் வந்தவர்களுக்குப் புகையில் அது தெரியவில்லை, தள்ளினார்கள். காலர் தைக்கும் பெண் முன்வரிசையில் இருந்தாள். நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள். பீடத்தின் முனை அவள் வயிற்றில் அழுந்தியது. தீயைச் சீக்கிரமே அணைத்துவிட்டார்கள். அவள் குழந்தை பிழைக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் அவளைப் பார்க்கப் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கம்மா மேல எனக்குக் கோவம் இல்லடி. ஆனா என் கண்ணுக்கு நேரா அவங்க முகம்தான் இருந்துச்சு. அக்கா, கொஞ்சம் நகருங்கக்கான்னு கத்தினேன்" என்றாள்.

5. மேலாளரிடம் முறையிட்டோம். தொழிலாளர்கள் வீணாகப் பதறியதே காரணம் என்றார். சிலையை எடுத்தால் தொழிலாளர்கள் மனம் புண்படும், குடும்பத்தார் சம்மதமும் வேண்டும் என்று கூறி அனுப்பிவிட்டார். அவர் சொன்னதில் பாதி உண்மை. சங்கத்தில் அம்மாவோடு நின்றவர்களில் சிலரே, "அக்கா மேல கை வைக்காதே" என்று என்னிடம் சண்டைக்கு வந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்களுக்கும் அழ ஓர் இடம் வேண்டியிருக்கிறது.

6. என் தந்தை ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். வாரந்தோறும் ஆலைக்கு வந்து, காவலாளியிடம் கெஞ்சி உள்ளே போய், சிலையின் முகத்தைத் துண்டால் துடைத்துவிட்டு வருவார். அவரிடம் எப்படிச் சொல்வது என்று பல நாள் தவித்தேன். சொன்னபோது சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்தார். பிறகு, "அவ ஒரு இடத்துல சும்மா நின்னதே இல்ல. எடுக்கச் சொல்லும்மா" என்றார். குடும்பத்தார் சம்மதம் என்று மேலாளர் கேட்பது இதுவே. அவரும் கீழே கையொப்பம் இட்டுள்ளார்.

7. ஆகவே, தாங்கள் நேரில் ஆய்வு செய்து, சிலையை அகற்றவும், பூட்டை நீக்கவும், காலர் தைக்கும் பெண்ணுக்கு நேர்ந்ததை விபத்தாகப் பதிவு செய்யவும் ஆணையிட வேண்டும். சிலையை உடைக்க வேண்டாம். எங்கள் வீட்டில் இடம் இருக்கிறது.

ஒரு விண்ணப்பம். முன்வாசல் வழியாக வந்தால் தங்களை நாற்காலியில் அமர்த்தித் தேநீர் கொடுப்பார்கள். அதற்குள் பூட்டைக் கழற்றிவிடுவார்கள். தயவுசெய்து முன்னறிவிப்பின்றிச் சந்து வழியாக வந்து, அந்தக் கதவை வெளியிலிருந்து ஒருமுறை இழுத்துப் பாருங்கள். திறந்தால் இம்மனுவைக் கிழித்துப் போட்டுவிடலாம்.

இடம்: தொழிலாளர் குடியிருப்பு
நாள்: மாதக் கடைசி வெள்ளிக்கிழமை

தங்கள் வருகையை எதிர்நோக்கும்,
(ஒப்பம்) பொத்தான் பிரிவுத் தொழிலாளி, மகள்
(ஒப்பம்) ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர், கணவர்
(கைரேகை) காலர் பிரிவுத் தொழிலாளி