நாலு செங்கலும் ஒரு வடக்கும்

அன்பு மகள் நர்மதாவுக்கு அம்மா கோவிந்தம்மா சொல்லச் சொல்ல உன் தம்பி ஹேமநாத் எழுதுவது.

இதனால் சகல ஜனங்களுக்கும், முக்கியமாக மும்பைவாசியான உனக்கும் அறிவிப்பது என்னவென்றால், பொங்கலிலிருந்து தலைமறைவாக இருந்த நம் ஊட்டு மிக்ஸி மூடி நேற்று பீரோவுக்குப் பின்னால் பிடிபட்டது. மத்தபடி இங்கே மூணு பேரும் சௌக்கியம், அங்கே நீயும் உன் காந்தம் அளக்கிற மிஷினும் சௌக்கியமான்னு அம்மா கேக்குது. நைனாவுக்கு இந்த வாரம் தேர்வாய் கண்டிகை ஃபேக்டரியில நைட் ஷிப்ட், பகல்ல தூங்கச் சொன்னா ஃபேன் ரிப்பேர் பண்றேன்னு உக்காந்துக்குது. நீ மத்தியானத்துல பிஸ்கட்டோட நிறுத்திக்கிறியாமே, உன்கூட ரூம்ல இருக்கிற ஏஞ்சல் அக்கா லீவுக்கு வந்தப்ப போட்டுக் கொடுத்துட்டாங்க, ஒழுங்கா சோறு தின்னு, ரயில்ல வாசப்படியில நிக்காதே, இது ரெண்டையும் அடிக்கோடு போடச் சொல்லுது அம்மா, போட்டுட்டேன்.

இப்ப உன் விஷயத்துக்கு வரேன். நம்ம ஊரு துளசிராமன் அண்ணனோட செங்கல் சூளையை திங்கக்கிழமை ஜேசிபி வெச்சு இடிக்கிறாங்க, அங்க குடோன் வருதாம். அதுக்குள்ள தரையில பதிஞ்ச கல்லு நாலாவது எடுத்து அனுப்பலைன்னா உன் ஆராய்ச்சி ஒரு வருஷம் தள்ளிப்போகும்னு நீ போன்ல அழுததைக் கேட்டதிலிருந்து அம்மாவுக்குத் தூக்கமில்ல. நீ சொன்னதை நான் அம்மாவுக்கு விளக்கினேன். சூடான செங்கல் ஆறும்போது அன்னிக்கு பூமியோட காந்த வடக்கு எந்தப் பக்கம்னு உள்ளே பதிஞ்சிடும், அந்த வடக்கு வருஷத்துக்கு வருஷம் நகர்ந்துக்கினே இருக்கும், இந்தச் சூளை கடைசியா எரிஞ்சது போன மாசிதான், அப்ப வடக்கு எங்க இருந்துச்சுன்னு உனக்குத் தெரியும், கல்லும் அதையே சொல்லிட்டா அப்புறம் ஆயிரம் வருஷத்துப் பழைய சூளை சொல்றதையும் உன் ஆராய்ச்சியைப் பார்த்துக்கிற மேடம் நம்புவாங்கன்னேன். அம்மா எல்லாத்தையும் கேட்டுட்டு, "சூளையில வெந்த கல்லுக்கு இருக்கிற ஞாபகம் என் வயித்துல வெந்த உனக்கு இல்லியேடா"ன்னுச்சு. கரண்ட் பில் கட்ட மறந்ததுக்குத்தான் அந்தக் குத்து.

இன்னிக்கு சனிக்கிழமை காலையில நைனா ஷிப்ட் முடிஞ்சு குளிக்காம கூட வந்துச்சு. நீ அனுப்பின திசைகாட்டியை நான் வெச்ச அழகை நீ பார்த்திருக்கணும். கடப்பாரை, நைனாவோட பைக், என் போன், எல்லா இரும்பையும் இருபது அடி தள்ளி வெச்சேன். "இன்னாடா, என்னையும் தள்ளி நிக்கச் சொல்லுவியா"ன்னு நைனா கேட்டுச்சு, தள்ளிதான் நிக்க வெச்சேன், இடுப்புல பெல்ட் இருக்கே. முள் ஆடி அடங்கினதும் ஒவ்வொரு கல்லு மேலயும் அம்புக்குறி போட்டேன் பாரு, நூல் பிடிச்ச மாதிரி நேரா. போட்டப்புறம்தான் நைனா பெயர்த்துச்சு. காந்தத்துக்குப் போன நேரத்துல ஊட்டுல சாம்பார் காந்திடுச்சு, அதையும் உன் கணக்குலயே எழுதிக்கோ. அறிவியல் உலகம் என்னைத் தேடி வந்தா நான் ட்யூஷன்ல இருப்பேன்.

நீ நல்லா படிச்சு பட்டம் வாங்கி நோய் நொடி இல்லாம இருக்கணும்னு அம்மாவும் நைனாவும் ஆசீர்வாதம் சொல்றாங்க. பார்சல் வந்ததும் போன் பண்ணு, வெள்ளிக்கிழமை தலைக்கு எண்ணெய் வை.

இப்படிக்கு,
கோவிந்தம்மா, ஏழுமலை

அக்கா, அம்மா கடைக்குப் போயிருக்குது, இது நான் மட்டும். அம்புக்குறியை நீ மார்க்கர்ல போடச் சொன்னே, அது காஞ்சு கிடந்துச்சுன்னு நான் ஸ்கெட்ச் பேனாவுல போட்டேன். பொண்ணு படிப்புக்குப் போற கல்லாச்சேன்னு அம்மா நாலையும் குழாயடியில தேய்ச்சுக் கழுவி, மஞ்சள் பூசி, குங்குமம் வெச்சு, கற்பூரம் காட்டிடுச்சு. நான் போட்ட அம்பு அத்தனையும் தண்ணியோட போயிடுச்சு, இப்ப மேல இருக்கிறதெல்லாம் அப்புறம் நான் குத்துமதிப்பா போட்டது. காந்தத்தோட பலத்தை மட்டும் அளக்க திசை வேணாம்னு ஒரு தடவை சொன்னியே, அதுக்காவது வெச்சுக்கோ, வடக்கு மட்டும் கேக்காதே. நாளைக்கு ஞாயித்துக்கிழமை, சூளை இன்னும் இருக்குது, இந்தத் தடவை அம்பை ஆணியால கீறியே வேற நாலு எடுத்துக்கினு வந்து தனி பார்சல்ல அனுப்பறேன், நைனாகிட்ட சொல்லிட்டேன். அம்மாகிட்ட நீ சொல்லிடாதே, கண்ணுல தண்ணியோட கும்பிட்டுச்சு. மத்தபடி மேலே நான் பீத்திக்கினது அத்தனையும் சத்தியம், குழாயடி வரைக்கும்.