பாஸ்டரின் தண்ணீர்

ஞாயிறு. தவக்காலத்தின் இரண்டாம் வாரம்.

இன்று மகளின் சபையில் என் மானம் போனது. முதலிபாளையத்தில் முன்பு பனியன் குடோனாக இருந்த ஹால் அது. வாசலோர மேசையில் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் இருந்தது. தீர்த்தம் என்று நினைத்து, விரலை நனைத்து நெற்றியில் சிலுவை போட்டுவிட்டேன்.

"ஐயோ அப்பா, அது பாஸ்டர் குடிக்கறதுக்கு வெச்சதுங்க!" என்று மகள் பதறினாள். பாஸ்டர் சிரித்தார். ஆனால் குடிக்கவில்லை.

திரும்பும்போது வண்டியில் என் பின்னால் உட்கார்ந்தபடி கேட்டாள். "அடுத்த வாரம் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்துக்கங்கப்பா. நீங்க இல்லாம நான் மட்டும் பரலோகம் போயி என்ன பண்றதுங்க?"

"பொறந்தப்பவே கத்தோலிக்கக் கோயில்ல தலையில தண்ணி ஊத்திட்டாங்க கண்ணு. உங்கம்மாவைக் கட்டறப்ப அவங்க சபைப் போதகர் ஐயரு கைவெச்சு ஜெபிச்சாரு. நல்லா சாயம் ஏறின துணியை எத்தனை தடவைதான் முக்குவாங்க?" என்றேன். சாயப்பட்டறைக்காரனுக்கு வேறென்ன வேடிக்கை வரும்? அவள் சிரிக்கவில்லை. என் முதுகில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டாள்.

சிறுவயதில் கோயில் வாசல் தீர்த்தத் தொட்டி எனக்கு எட்டாது. அம்மாதான் தன் விரலை நனைத்து என் நெற்றியில் சிலுவை போடுவாள். முழுகி எழுந்தால் அந்த விரலின் ஈரமும் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. அதை மட்டும் மகளிடம் சொல்லவில்லை.