ஜோடிகளைப் பிரித்த மாதம்

மார்ச் 3, செவ்வாய்

காலையில் எழுந்ததும் முதல் வேலையாகக் கார் கதவைத் துடைத்தேன். யாரோ கிரீஸால் ஒரு வார்த்தை எழுதியிருந்தார்கள், கதவின் அகலம் முழுக்க. சோப்புக்கு அசையவில்லை. தின்னர் ஊற்றித் தேய்த்ததில் வார்த்தையோடு பெயின்ட்டும் உரிந்து வந்தது. மகள் பள்ளிக்குக் கிளம்புவதற்குள் முடித்துவிடப் பார்த்தேன். பாதி இருக்கும்போதே பையை மாட்டிக்கொண்டு வந்து நின்றுவிட்டாள். அந்த வயதுப் பெண்ணுக்குப் பாதி வார்த்தை போதாதா?

"அவங்களுக்கு நீ என்னம்மா பண்ண?"

ஒன்றும் பண்ணவில்லை. பிரஸ் ஷாப்பில், டை என்கிற இரும்பு அச்சு இறங்கித் தகட்டை அழுத்துகிற ஒவ்வொரு மெஷினுக்கும் இரண்டு பேர். ஒருவர் தகட்டை உள்ளே கொடுப்பார். மற்றவர் எதிர்முனையைப் பிடித்துக்கொண்டு பெடலை மிதிப்பார், அச்சு இறங்கும். வேலைக்குச் சேர்ந்த நாளில் யாரோடு நின்றார்களோ அவரோடுதான் கடைசிவரை நிற்பார்கள். ஒருவர் லீவு போட்டால் மற்றவருக்கும் உடம்புக்கு வந்துவிடும். ஒருவர் வராத நாளில் இன்னொருவர் அவர் வருகை அட்டையையும் சேர்த்துத் தேய்ப்பார். இதை ஒழிக்கத்தான், இனி வாரத்துக்கு ஒரு ஜோடி, யாரும் யாரோடும் நிற்க வேண்டும் என்று மாற்றப் போகிறோம். திட்டம் என்னுடையது. மனிதவளத் துறைத் தலைவர் என்று கதவில் போட்டுக்கொண்டு இதைக்கூடச் செய்யாவிட்டால் எப்படி?

இதையெல்லாம் அவளிடம் சொன்னேன். "இதுக்கா இப்படி எழுதுவாங்க?" என்று கேட்டுவிட்டுப் போனாள். எனக்கும் அதே கேள்விதான்.

மார்ச் 5, வியாழன்

ஃபேக்டரி வாசலில் யூனியனின் கேட் மீட்டிங். ஜன்னலைச் சாத்தினாலும் கேட்டது. யூனியன் செயலாளரை எல்லாரும் தாடி என்றுதான் கூப்பிடுவார்கள், அவரும் அப்படிக் கூப்பிட்டால்தான் திரும்புவார். மைக் கையில் வந்துவிட்டால் விடமாட்டார்.

"ஜோடியப் பிரிக்கிறது சின்ன விஷயமாம். அந்தம்மா சொல்லுது. வாராவாரம் வீட்டுல புருஷனை மாத்திப் பாக்கட்டும். அப்புறம் வந்து சொல்லட்டும்."

சிரிப்பு. விசில். என் அறை வாசலில் உட்காருகிற பெண்கூட வாயைப் பொத்திக்கொண்டாள்.

எதிர்ப்பு என்பது பயம்தான், பேசப் பேசக் கரையும் என்று எத்தனை பயிற்சி வகுப்பில் நானே நின்று சொல்லியிருக்கிறேன். இன்று அந்த மைக்கைப் பிடுங்கி அவர் வாய்க்குள் திணிக்க வேண்டும் போலிருந்தது. பல் உடைகிற சத்தம் வரை மனதுக்குள் கேட்டுப் பார்த்தேன். நன்றாக இருந்தது.

பிறகு பேச்சுவார்த்தை. அவர்கள் சொன்னதெல்லாம் பழக்கம், மரியாதை, மனசு. "ஒத்து வராதுங்க" என்பதையே வேறு வேறு குரலில் சொன்னார்கள். ஏன் ஒத்து வராது என்று கேட்டால் மறுபடியும் அதையேதான். உற்பத்தி மேலாளர் — மெல்லப் பேசவே தெரியாததால் ஷாப்பில் அவர் பெயர் சைரன் — நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டார். திங்கட்கிழமை முதல் அமல்.

மார்ச் 9, திங்கள்

தொடங்கிவிட்டோம். முறைப்பு, முணுமுணுப்பு. ஆனால் மெஷின் ஓடியது. எம்.டி. போனில் சிரித்தார்.

மார்ச் 10, செவ்வாய்

காலை ஷிப்டு சூப்பர்வைசரை பஸ் ஸ்டாப்பில் அடித்துவிட்டார்கள். புது ஜோடியோடு நிற்க மறுத்த ஒருவனை அவர் வெளியே அனுப்பினாராம். ஹெல்மெட்டால் முகத்தில். முன்பற்கள் போய்விட்டன, பேசினால் காற்றுதான் வருகிறது. ஒரு பல்லைக் கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்தார். டாக்டர் ஒட்டவைத்துவிடுவார் என்று யாரோ சொன்னார்களாம். பஸ் ஸ்டாப் நிறைய ஆட்கள் இருந்திருக்கிறார்கள். ஒருவர்கூடப் பார்க்கவில்லையாம்.

கொஞ்ச நாள் நிறுத்தி வைக்கலாமா என்று எம்.டி.யைக் கேட்டேன். இப்போது நிறுத்தினால், பல்லை உடைத்தால் போதும் என்று நாமே சொல்லிக்கொடுத்த மாதிரி ஆகும் என்றார். எனக்கும் அது சரியென்றுதான் பட்டது.

மார்ச் 13, வெள்ளி

எழுதி வைத்துவிட வேண்டும். நாளைக்கு யாராவது வேறு மாதிரி சொல்லிக்கொடுப்பார்கள், நானும் நம்பிவிடுவேன்.

புது ஜோடிகள் எப்படி நிற்கிறார்கள் என்று பார்க்கச் சைரனோடு ஷாப்புக்குப் போயிருந்தேன். எல்லார் பேச்சிலும் பிழை திருத்துவதால் வாத்தி என்று பெயர் வாங்கியவர் ஒரு மெஷினில் நின்றார். இந்த வாரம் அவருக்கு ஜோடி, எப்போதும் எதையாவது முனகிக்கொண்டிருக்கும் பாட்டுக்காரன். வாத்தியின் பழைய ஜோடியான ஒட்டகம், கழுத்து நீண்ட ஆள், பக்கத்து மெஷினில்.

வாத்தி தகட்டைக் கொடுத்தார். கோணலாகப் போயிருக்க வேண்டும். தகட்டை விட்டுவிட்டு, நேராக்குவதற்குக் கையை உள்ளே நீட்டினார். பாட்டுக்காரன் பெடலை மிதித்தான்.

அலறல் கேட்கவில்லை. அத்தனை மெஷினும் ஓடிக்கொண்டிருந்தது. பிரஸ் மேலே போனதும் வாத்தி கையைத் தூக்கிப் பார்த்தார். கட்டைவிரல் மட்டும் இருந்தது. மற்ற விரல்கள் இருந்த இடத்தில் தட்டையாக ஏதோ தொங்கியது. ரத்தமும் எண்ணெயும் கலந்து தகட்டின் ஓரம் வரை ஓடி என் செருப்பில் சொட்டியது.

ஒவ்வொரு மெஷினாக நின்றது. அந்த அமைதியில் சைரன் சொன்னது எல்லார் காதிலும் விழுந்தது. "ஆளைத் தூக்குங்க. டையத் துடைச்சிட்டு லைனை ஓட்டுங்க."

அவ்வளவுதான். முதலில் ஒரு ஸ்டூல் பறந்தது. கேபின் கண்ணாடி மொத்தமாக இறங்கியது. ஒருவன் என் கழுத்தில் கிடந்த அடையாள அட்டைக் கயிற்றைப் பிடித்து இழுத்தான், தோல் உரிந்தது. அப்போது தாடி என் கையைப் பிடித்தார் — பிடித்தார் இல்லை, முறுக்கினார். டூல் பீரோவுக்குப் பின்னால் தள்ளிப் பிடரியை அழுத்தினார். கார் கதவில் இருந்த அதே வார்த்தையால் என்னைக் கூப்பிட்டு, "தலையக் குனிடீ" என்றார். கொல்லத்தான் போகிறார் என்று நினைத்தேன். அவர் கை என் பிடரியில் இருக்கும்போதே, பீரோ இடுக்கு வழியாகப் பார்த்தேன். ஒட்டகம் டை மாற்றுகிற கடப்பாரையைத் தூக்கினான். சைரன் முகத்தில் இறக்கினான். விழுந்த பிறகு இன்னொரு முறை. கத்தவில்லை, திட்டவில்லை. விறகு பிளக்கிறவன் மாதிரி செய்தான்.

செருப்பைக் குப்பையில் போட்டேன். காலைக் கழுவினேன். மறுபடியும் கழுவினேன்.

மார்ச் 15, ஞாயிறு

ஆஸ்பத்திரி. சைரனுக்கு இடது கண் போய்விட்டது. தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள். அவர் மனைவி என்னைப் பார்த்ததும் எழுந்து வெளியே போய்விட்டார்.

மேல்மாடியில் வாத்தி. வார்டு வாசலில் பாட்டுக்காரன் தரையில் உட்கார்ந்திருந்தான், உள்ளே போகத் துணிவில்லாமல். அவர் கை உள்ளே இருக்கும்போது ஏன் மிதித்தாய் என்று கேட்டேன்.

"கனம் என் கைக்கு வந்துச்சு மேடம். அதான் மிதிச்சேன்."

புரியவில்லை. உள்ளே போய் வாத்தியைக் கேட்டேன். மருந்து மயக்கத்தில் நாக்கு குழறினாலும் அவர் சொன்னது தெளிவாக இருந்தது. "நான் காலை நகத்தவே இல்லையேம்மா."

இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. மிதிப்பவருக்கு எதிரே இருப்பவர் கை தெரியாது, நடுவில் டை மறைக்கும். சத்தத்தில் பேசவும் முடியாது. அதனால் ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு வழி. பாட்டுக்காரன் தகட்டின் கனத்தை வைத்து மிதிப்பவன். எதிரே இருப்பவர் விட்டால் கனம் முழுக்க இவன் கைக்கு வரும், அப்படியென்றால் ஆள் விலகிவிட்டார். ஒட்டகமோ மெஷினுக்கு அடியில் தெரியும் வாத்தியின் குதிகாலைப் பார்த்துக்கொண்டே நிற்பான். அது பின்னால் நகர்ந்தால்தான் மிதிப்பான். எல்லா மெஷினிலும் தங்கள் வழிதான் என்று அவரவர் நினைத்திருக்கிறார்கள். தாடிக்கும் இது தோன்றவில்லை. தோன்றியிருந்தால் மைக்கில் புருஷன் கதையா சொல்லியிருப்பார்? ஒட்டகம் எப்போதும் தலையைத் தொங்கப்போட்டு நிற்பதை நானும் பார்த்திருக்கிறேன். தூங்கி வழிகிறான் என்று நினைத்தேன்.

ஒத்து வராதுங்க. உடம்புக்குத் தெரிந்திருக்கிறது, வாய்க்கு வரவில்லை. வாய்க்கு வரவைப்பதுதானே என் வேலை? அதுக்குத்தானே என்னை அங்க உக்கார வச்சிருக்காங்க?

வாத்திக்கு ரொட்டியைப் பாலில் நனைத்து ஊட்டிக்கொண்டிருந்தது ஒட்டகம்தான். நான் கிளம்பியபோது மாடிப்படி வரை பின்னால் வந்தான்.

"நீங்க பாத்தீங்கல்ல மேடம்."

 பதிலுக்கு அவன் நிற்கவில்லை. "ரெண்டு கையையும் வச்சிக்கிட்டு அவன் முன்னாடி உக்கார முடியல" என்றுவிட்டுத் திரும்பிப் போனான்.

மார்ச் 17, செவ்வாய்

தாடியைக் கைது செய்துவிட்டார்கள். சைரனைக் கொல்ல முயன்றதாகக் கம்பெனி கொடுத்த புகார்.

எம்.டி. அறையில் வக்கீலும் இருந்தார். என் கையிலும் பிடரியிலும் தாடியின் விரல்கள் நீலமாகப் பதிந்திருக்கின்றன. ஒரு பெண்ணை வரவழைத்து அதைப் போட்டோ எடுக்க வைத்தார்கள். "முதல்ல உங்கள அடிச்சான், அப்புறம் அவரை. இந்தக் காயமே பேசுமே" என்றார் வக்கீல். என்னை அடிக்கவில்லை, அடி விழாமல் மறைத்துப் பிடித்தார் என்று சொல்ல வாயெடுத்தேன். எம்.டி. முந்திக்கொண்டார். அந்த ஆள் உள்ளே போனால் யூனியன் படுத்துவிடும், திட்டம் நிற்காது, அடுத்த வருஷம் எனக்கு இயக்குநர் பதவி. விபத்தா? அது தொழிலாளியின் கவனக்குறைவு. திங்கட்கிழமை என் வாக்குமூலம்.

என் பிடரியை அழுத்திக்கொண்டிருந்த கை எப்படிக் கடப்பாரையைத் தூக்கும்? அது அவர்களுக்கு வேண்டாத கேள்வி. அந்த ஆளைக் கம்பிக்குப் பின்னால் பார்க்க எனக்கு ஆசை இல்லையா? இருக்கிறது. அதுதான் பயமாக இருக்கிறது.

மார்ச் 18, புதன்

காரைக் கொளுத்திவிட்டார்கள். மகள் அறை ஜன்னல் வெடித்து, கண்ணாடி அவள் தலையணையில் கிடந்தது. நல்லவேளை, ராத்திரி என்னோடு படுத்திருந்தாள்.

மார்ச் 19, வியாழன்

நீ ஒன்றும் பார்க்கவில்லை என்று சொல்லிவிடு என்கிறார் என் கணவர். "பஸ் ஸ்டாப்ல நின்னாங்களே, அவங்களுக்கு இருக்கிற புத்தி உனக்கு வேணாமா? தாடி உள்ள போனா உனக்கென்ன? பிள்ளை தலையில கண்ணாடி விழுந்திருக்கும்டீ."

கையில் இருந்த எவர்சில்வர் டம்ளரை வீசினேன். வீசியது தெரியவில்லை, அவர் புருவம் கிழிந்து ரத்தம் வழிந்தபோதுதான் கை காலியாக இருப்பது தெரிந்தது. மகள் பார்த்துக்கொண்டிருந்தாள். பஞ்சு எடுத்து வந்து அப்பாவுக்கு அழுத்தினாள். என்னைப் பார்க்கவில்லை.

கை முந்திக்கொள்கிறது, மனசு பிறகுதான் வருகிறது. ஒட்டகத்துக்கும் இப்படித்தானா?

மார்ச் 20, வெள்ளி

ஸ்டேஷனுக்கு வந்து அடையாளம் காட்டச் சொன்னார்கள். தாடியைக் கூட்டி வந்தார்கள். பாதத்தை ஊன்ற முடியவில்லை, உள்ளங்காலில் அடித்திருக்கிறார்கள். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. தாடிமயிரில் காய்ந்த ரத்தம். என்னைப் பார்த்ததும் சிரித்தார், வாய் ஒரு பக்கம்தான் போனது.

"என்ன மேடம், ஜோடி இல்லாம தனியா வந்திருக்கீங்க?"

பக்கத்தில் நின்ற போலீஸ்காரர் முட்டியில் உதைத்தார். தாடி விழுந்தார். சுவரைப் பிடித்து எழும்போதும் என்னையே பார்த்தார். நான் உங்கள் பக்கத்தில்தானே இருந்தேன் என்று ஒரு வார்த்தை கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. கேட்டால், அப்படியானால் யார் என்று அடுத்த கேள்வி வரும். ஒட்டகத்தைக் காட்டிக்கொடுக்காமல் அடி வாங்கிக்கொண்டிருக்கிறார்.

இவரைத் தெரியும், யூனியன் செயலாளர் என்று மட்டும் சொன்னேன். மற்றது திங்கட்கிழமை என்றேன்.

மார்ச் 22, ஞாயிறு

பார்க்கவில்லை என்றால் தாடி உள்ளேதான். தாடி இல்லை என்று மட்டும் சொன்னால் அதோடு விடமாட்டார்கள். ஷாப்பில் ஒவ்வொருவனாகத் தூக்கிப் போய் உள்ளங்காலில் அடிப்பார்கள், எவனாவது வாயைத் திறக்கும்வரை. ஒட்டகம் என்று சொன்னால்? தாடி வாங்கிய அடியெல்லாம் வீண். வாத்திக்கு ஊட்ட ஆள் இருக்காது. நான் முதலில் பிரித்ததை இப்போது முழுசாகப் பிரித்துவிடுவேன்.

ஆனால் கடப்பாரையைத் தூக்கியது யார் என்று சொல்லாமல், ஏன் தூக்கினான் என்று சொல்ல வழியில்லை. அதைச் சொல்லாவிட்டால் வாத்தியின் விரல்கள் கவனக்குறைவாகவே போகும், அடுத்த வாரம் இன்னொரு மெஷினில் இன்னொருவன் கனம் கைக்கு வந்ததும் மிதிப்பான்.

எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன். என் பிடரியில் யார் கை, கடப்பாரையில் யார் கை, பெடலில் கால் ஏன் போனது, அந்த இரண்டு பேரையும் ஒரே மெஷினில் நிறுத்தியது யார். கடைசிக்கு என்னைத்தான் சொல்ல வேண்டும். வேலை போகும், வழக்கில் என்னையும் சேர்க்கலாம். தாடி நன்றி சொல்லப் போவதில்லை, வெளியே வந்ததும் என் முகத்தில் துப்புவார். துப்பட்டும். ஒட்டகம் என்ன செய்வான் என்று யோசிக்க முடியவில்லை.

கணவரிடம் சொல்லவில்லை. புருவத்தில் பிளாஸ்திரியோடு டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறார். மகளிடமும் சொல்லவில்லை.

சாயந்திரம் எம்.டி. போன் செய்தார். காலையில் கம்பெனி வண்டி வரும், வக்கீலும் கூட வருவார், போகிற வழியில் ஒருமுறை பேசிப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். வண்டி வேண்டாம், பஸ்ஸில் போய்விடுகிறேன் என்றேன்.

"பஸ் ஸ்டாப்புக்கா?" என்று கேட்டார். பிறகு, "பாத்துப் போங்க" என்றார்.